குட்டை ராடு

நவம்பர் 4, திங்கள்

தமயந்தி பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. மேடம்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று கூரியர்காரர் அடம்பிடித்தார். மேடம் வெளியே போயிருக்கிறார் என்று சொல்லி நானே போட்டேன். அவள் போய்ச் சேர்ந்து ஒன்பது மாதம் ஆகிறது என்று வாசலில் நிற்கிற ஆளிடம் சொல்லி, அவர் முகம் மாறுவதைப் பார்த்து, பிறகு அவருக்கு நான் ஆறுதல் சொல்ல வேண்டும். யாருக்கு வேண்டும் அந்த வேலை.

பெட்டி நல்ல கனம். மேலே முத்திரைக்கு மேல் முத்திரை. ஜனவரியில் இங்கிலாந்தில் கிளம்பி, வீட்டு எண் தப்பாக இருந்ததால் திரும்பிப் போய், மறுபடி கப்பலேறி வந்திருக்கிறது. பிரித்தால் உள்ளே எண்ணெய்க் காகிதம் சுற்றிய ஒரு கியர் ராடு. சாதாரண ராடு இல்லை, குட்டை ராடு. எங்கள் பச்சைக் காருக்குப் போடுவது.

இதை எதற்காக அவள் வாங்கினாள் என்று எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன்.

நவம்பர் 5, செவ்வாய்

நேற்று எழுதியதைப் படித்தால் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒழுங்காக எழுதுகிறேன்.

பச்சைக் கார் ஆங்கிலேயர்கள் செய்தது. இரண்டே இருக்கை, மடக்குகிற துணிக் கூரை. குன்னூரில் ஒரு எஸ்டேட்காரர் விற்றதை, கல்யாணமான புதிதில் பைத்தியம் பிடித்தவன் போல வாங்கினேன். அதற்கு முன்பே பைக் பந்தயத்தில் விழுந்து என் இடது தோளில் தகடு வைத்துவிட்டார்கள். மணிக்கட்டும் விரல்களும் இரும்பு மாதிரி உறுதியாக இருக்கின்றன. தோள் மட்டும் முன்னேயும் போகாது, பின்னேயும் போகாது. கியர் ராடு இருப்பதோ இடது பக்கம். அதிலும் பச்சைக் காரின் ராடு ஒரு முழ நீளம். முதல் கியருக்கும் மூன்றாவதுக்கும் அதை முன்னால் கொண்டுபோய் இடிக்க வேண்டும், இரண்டாவதுக்கும் நான்காவதுக்கும் இருக்கை வரை இழுக்க வேண்டும்.

ஓட்ட முடியாத காரை வாங்கி வந்தவனை வேறொருத்தி என்றால் வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டாள். தமயந்தி இடது இருக்கையில் ஏறி உட்கார்ந்து, ராட்டின் மேல் வலது கையை வைத்தாள். அன்றிலிருந்து நான் ஓட்டுவேன், அவள் கியர் போடுவாள். நான் கிளட்சை மிதித்தால் அவள் இன்ஜின் சத்தத்தைக் கேட்டே எந்தக் கியர் என்று முடிவு செய்வாள். கியர் விழுந்ததும் ராட்டின் தலையில் இருக்கிற ஈட்டி மரக் குமிழில் மோதிரத்தால் ஒரு தட்டு. டொக். விழுந்துவிட்டது, காலை எடுங்கள் என்று அர்த்தம். நான் காலை எடுப்பேன். மலையில் நாங்கள் பேசிக்கொள்வதே கிடையாது. திரும்பிப் பார்த்துக்கொண்டதும் இல்லை.

கோகிலா பிறந்த பிறகு அவளையும் மடியில் வைத்துக்கொண்டு வருவாள். இடது கை குழந்தையின் இடுப்பைச் சுற்றி, வலது கை ராட்டின் மேல். ஒருமுறை போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தி, இதில் யாருடைய லைசென்ஸை வாங்கிப் பார்ப்பது என்று தலையைச் சொறிந்தார்.

நவம்பர் 9, சனி

சென்னையிலிருந்து கோகிலா பேசினாள். பச்சைக் காரைக் கேட்டு கொச்சியிலிருந்து ஒருவர் நச்சரிக்கிறாராம். ஓட்டாத காரை ஷெட்டில் வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தால் என்ன அர்த்தம் என்கிறாள். நான் பார்சலைப் பற்றிச் சொன்னேன்.

"அம்மா வாங்கினாங்களா?" என்றாள். பிறகு அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

கடைசியில் ஒரு ஒப்பந்தம். ஜனவரி முதல் ஞாயிறு பழைய கார் சங்கத்தார் கோத்தகிரிக்கு ஊர்வலம் போகிறார்கள். நான் தனியாக ஏறி, தனியாக இறங்க வேண்டும். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், ஆனால் ஒரு விரலைக்கூட அசைக்க மாட்டாள். ஒழுங்காக இறங்கிவிட்டால் கார் என்னோடு இருக்கும். இல்லாவிட்டால் கொச்சிக்குப் போகும், நானும் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

"மேட்டுப்பாளையத்துலருந்து இன்னொரு போன் எனக்கு வரக்கூடாதுங்ப்பா" என்றாள். அது நியாயம்தான்.

அந்தக் காரை விட மாட்டேன். இந்த வீட்டில் தமயந்தியின் புடவைகளைக் கொடுத்தாகிவிட்டது, மாத்திரைகளை எறிந்தாகிவிட்டது. கார் போனால் நான் ஓர் ஆள்தான் இங்கே இருப்பேன்.

நவம்பர் 17, ஞாயிறு

கனகு வந்தான். கனகராஜ் என்றால் அவனுக்கே திரும்பிப் பார்க்கத் தெரியாது. பச்சைக் காருக்கு இருபது வருஷமாக அவன்தான் வைத்தியன். நல்ல கைதான், வாய்தான் ஓயாது. மனைவி, மச்சினன், மாநகராட்சி என்று ஒருவரையும் விடாமல் திட்டிக்கொண்டே வேலை செய்வான். பதினொரு மணிக்கு வடை வராவிட்டால் என்னையும் சேர்த்துத் திட்டுவான்.

கழற்றுவதற்கு முன் நான் வலது இருக்கையில் உட்கார்ந்து பழைய ராட்டை இடது கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். சும்மாதான். நியூட்ரலில் ஆட்ட முடிந்தது. அதற்கு மேல் ஒரு விரற்கடை நகர்ந்ததும் தோள் பூட்டிக்கொண்டது.

கனகு பார்த்துக்கொண்டே இருந்தான். "ஏனுங்ணா, அக்கா போன அன்னிக்கு மலைலருந்து நீங்கதான ஓட்டிட்டு வந்தீங்க? இந்த ராட்டுல உங்க கை எப்படிங்ணா போச்சு?"

வலது கையைக் குறுக்கே நீட்டிப் போட்டேன் என்றேன். எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அவன் தலையை ஆட்டிவிட்டு ஸ்பேனரைத் தேடினான்.

தரைவிரிப்பை உரித்தால் கீழே ஒரு ரப்பர் உறை, அதன் கீழ் ஒரு தகடு. போல்ட்டுகளைக் கழற்றி, ராட்டை ஒரு சுற்றுத் திருப்பி மேலே இழுத்தான். கடைவாய்ப் பல் பிடுங்குவது போல ஒரு சத்தத்தோடு வந்தது. கியர்பாக்ஸுக்குள் எதுவும் விழாதபடி ஓட்டையில் உடனே துணியை அடைத்தான். ரப்பர் உறையின் மடிப்பில் ஒரு வெள்ளி மணி கிடந்தது. குழந்தைக் கொலுசிலிருந்து உதிர்ந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

புது ராட்டின் சூட்சுமம் எளிது. ராடு எந்த மூட்டில் ஆடுகிறதோ அந்த மூட்டை மேலே ஏற்றிவிட்டார்கள். அதனால் மேலே மணிக்கட்டு அசைகிற அளவு அசைத்தாலே கீழே முழுக் கியரும் மாறுகிறது. கொஞ்சம் அழுத்தம் கூட வேண்டும், தூரம் வேண்டாம். எனக்காகவே யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்தது போல இருக்கிறது. கிரீஸ் வைத்து, புது வாஷர் போட்டு, சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டான்.

புது ராட்டுக்கு அலுமினியக் குமிழ். பழைய மரக் குமிழை மாற்றிப் பார்த்தோம், மரை பொருந்தவில்லை. லேத்தில் கொடுத்துப் பெரிதாகக் குடைந்துவிடலாம் என்றான் கனகு. அதைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் அதட்டலாகத்தான் சொன்னேன் போலிருக்கிறது, பாவம், வடையைப் பாதியில் வைத்துவிட்டான். பழைய ராட்டைக் குமிழோடு பிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 24, ஞாயிறு

வடவள்ளியிலிருந்து மருதமலை அடிவாரம் வரை ஓட்டினேன். கை வேலை செய்கிறது! இத்தனை வருஷத்தில் முதல்முறையாக என் இடது கை ஒரு கியரைப் போட்டது. கத்த வேண்டும் போல இருந்தது.

கால்தான் வேலை செய்யவில்லை.

கிளட்சை மிதிக்கிறேன். இரண்டாவது கியர் விழுகிறது. கால் அப்படியே மிதித்தபடி நிற்கிறது. எடு என்றால் எடுக்க மாட்டேன் என்கிறது. அது தட்டுக்குக் காத்திருக்கிறது. வண்டி இன்ஜின் பிடியில்லாமல் சும்மா உருள்கிறது, பின்னால் வருகிற பஸ்காரன் என் வம்சத்தையே விசாரிக்கிறான். தொடையைக் கையால் அடித்து எழுப்ப வேண்டியிருந்தது.

தட்டையான சாலையில் இது கேலிக்கூத்து. மலை இறக்கத்தில் கிளட்சை மிதித்தபடி இருந்தால் வண்டி பிய்த்துக்கொண்டு ஓடும். ராடு என்று நினைத்தேன், கையென்று நினைத்தேன். தடை இங்கே இருக்கிறது என்று யார் கண்டது.

டிசம்பர் 1, ஞாயிறு

கனகுவை இடது இருக்கையில் உட்கார வைத்துப் பழகினேன். கியர் விழுந்ததும் 'ஆச்சுங்ணா' என்று கத்துவான். கால் அவனை மதிக்கவே இல்லை.

பாதி வழியில் நெளிய ஆரம்பித்தான். என்ன என்று கேட்டேன்.

"சீட்டு ஒடுங்கலா இருக்குதுங்ணா. உக்கார எடம் பத்தல."

கனகு ஊதினால் பறக்கிற உடம்பு. வடையைக் குறை என்றேன். அவன் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

டிசம்பர் 8, ஞாயிறு

கோகிலா இரண்டு நாள் லீவில் வந்தாள். கால் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தால் நேரே போய் பீரோவைத் திறந்து தமயந்தியின் மோதிரத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு அது தொளதொளவென்று இருக்கிறது. இடது இருக்கையில் ஏறி, நான் கியர் போடும்போதெல்லாம் குமிழில் தட்டினாள். ஊர்வலத்தில் தட்டமாட்டேன், இது பழகுவதற்கு மட்டும் என்று கண்டிப்பாகச் சொன்னாள். அவள் அம்மாவின் கண்டிப்பு.

அலுமினியத்தில் தங்கம் படுகிறபோது டிங் என்கிறது. ஒரு பிரயோஜனமும் இல்லை. கால் டொக்கென்ற சத்தத்துக்குப் பிறந்த கால்.

மோதிரத்தைத் திரும்ப பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது, முடியாவிட்டால் முடியாது என்று ஒத்துக்கொள்வதில் அவமானம் இல்லை என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் போன பிறகு அழுகையும் வந்தது.

டிசம்பர் 14, சனி

காலையில் தனியாகப் போனேன். கனகு வரவில்லை, மச்சினன் வீட்டில் விசேஷமாம்.

தடாகம் சாலை பிரிகிற இடத்தில் மூன்றாவது கியர் போட்டேன். டொக்.

கால் எழுந்தது. வண்டி வெண்ணெய் மாதிரி பிடித்துக்கொண்டு போனது. அரை பர்லாங் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் பிரிட்ஜ் மேல் பார்த்தேன். பழைய ராடு வைத்த இடத்திலேயே இருந்தது. குமிழின் மேல் ஒரு மாதத் தூசி.

டிசம்பர் 15, ஞாயிறு

வெட் கிரைண்டர் செய்து விற்றுப் பிழைத்தவன் நான். ஆயிரம் கல்லைச் சுற்றவிட்டுக் காதால் கேட்டே எந்தப் பேரிங் சரியில்லை என்று சொல்வேன். காரணமில்லாத சத்தம் என்று ஒன்று உலகத்தில் கிடையாது.

காலை முழுக்க ஒவ்வொன்றாகப் பார்த்தேன். குமிழ் இறுக்கமாக இருக்கிறது. தகட்டு போல்ட்டுகளில் தளர்வு இல்லை. இடது கதவின் தாழ்ப்பாள் ஆடுகிறது, துணி வைத்து அடைத்தேன். டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு மரச்சட்டம் இருக்கிறது, அதை இறுக்கினேன். அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

பிறகு ஓட்டிப் பார்த்தேன். போகும்போது ஒரு சத்தமும் இல்லை. கால் வழக்கம் போலச் சண்டித்தனம் செய்தது. திரும்பி வரும்போது இரண்டாவது கியருக்கு டொக். மூன்றாவதுக்கு டொக். இரண்டு முறையும் கால் எழுந்தது. இரண்டு முறையும் கியர் முழுதாக விழுந்த பிறகுதான் வந்தது. ஆடுகிற சட்டம் கியர் விழும்வரை காத்திருந்து ஆடாது.

நான் இடது பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. ஓட்டும்போது திரும்பிப் பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை.

டிசம்பர் 20, வெள்ளி

கனகு போனை எடுப்பதில்லை. நேரில் பட்டறைக்குப் போனேன். நான் நிறுத்துவதற்குள் வெளியே வந்துவிட்டான், ஆனால் இடது கதவுப் பக்கம் வரவில்லை. ராட்டில் வேலை இருந்தால் செய்து தருகிறேன், கூட வர மட்டும் கூப்பிடாதீர்கள் என்றான். முகத்தைப் பார்த்தால் வம்புக்குச் சொல்கிறவன் போலத் தெரியவில்லை. ஒரு எலுமிச்சம்பழத்தையும் கொடுத்தான், முன்சக்கரத்துக்கு அடியில் வைக்கச் சொல்லி.

வீட்டுக்கு வந்து பழத்தைச் சாறு பிழிந்து குடித்துவிட்டேன். சர்க்கரை போடவில்லை.

டிசம்பர் 26, வியாழன்

எழுதிவிடுகிறேன். எழுதினால் அற்பமாகத் தெரியும்.

போன பிப்ரவரியில் கோத்தகிரியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மத்தியானம் இறங்கினோம். அரவேணு தாண்டும்போது தமயந்தி கழுத்தை லேசாகப் பின்னால் சாய்த்துக்கொண்டது கண்ணோரத்தில் தெரிந்தது. சாப்பாட்டு மயக்கம் என்று நினைத்தேன். குஞ்சப்பனைக்கு மேலே நல்ல பனி. இரண்டாவது, மூன்றாவது, மறுபடி இரண்டாவது. ஒவ்வொரு வளைவுக்கும் தட்டு சரியாக வந்தது. அடிவாரத்து டீக்கடையில் நிறுத்தி, டீ குடிக்கலாமா என்று கேட்டுத் திரும்பினேன்.

மேட்டுப்பாளையத்து ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா. எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டுவிட்டு, தமயந்தியின் தாடையையும் விரல்களையும் தொட்டுப் பார்த்துவிட்டு, "இவங்க போய் ஒரு மணி நேரத்துக்கு மேலயே ஆயிருக்கும் சார்" என்றார்.

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் நாங்கள் அரவேணுவில் இருந்தோம்.

வலது கையைக் குறுக்கே நீட்டிக் கியர் போட்டேன் என்று அப்போதே சொல்லிவிட்டேன். பிறகு எல்லாரிடமும் சொன்னேன். மலை முழுக்க என் வலது கை ஸ்டீயரிங்கை விட்டு எழவே இல்லை.

டாக்டர்களின் கணக்கு தப்பாக இருக்கலாம். குளிரில் உடம்பு சீக்கிரம் விறைக்கும் என்கிறார்கள். இல்லையென்றால் என் தோள் அன்று ஒருநாள் மட்டும் வேலை செய்திருக்கலாம். இந்த இரண்டில் ஒன்றுதான். அது எது என்று தெரிந்தால் போதும், நிம்மதியாகச் சாப்பிடுவேன்.

எழுதிப் பார்த்தும் அற்பமாகத் தெரியவில்லை.

ஜனவரி 4, சனி

கோகிலா வந்துவிட்டாள். பீரோ சாவியை அவளே வைத்திருக்கிறாள். ரயிலில் தூக்கமே இல்லையாம். நாளைக்குப் பயமாக இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவளுக்கு இருக்கிறது என்றாள்.

இந்த வாரம் முழுக்க ஒரு தட்டும் வரவில்லை. கியர் விழுந்ததும் 'டொக்' என்று நானே வாய்விட்டுச் சொல்லிப் பழகியிருக்கிறேன். நான்கில் மூன்று முறை கால் ஏமாறுகிறது. நான்காவது முறையைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை.

ஜனவரி 5, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம்.

ஏறும்போது பிரச்சினையில்லை. ஏற்றத்தில் கால் தாமதித்தால் வண்டி மூச்சு வாங்கும், அவ்வளவுதான். நான் டொக் டொக் என்று பல்லி மாதிரி சொல்லிக்கொண்டு வந்ததைப் பார்த்துக் கோகிலா சிரித்தாள். கோத்தகிரியில் சங்கத்தார் பிரியாணி போட்டார்கள். பச்சைக் காரைச் சுற்றி நின்று எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். தமயந்தி இல்லாமல் இந்தக் கார் வந்தது இதுதான் முதல்முறை என்று ஒருவர் சொன்னார்.

இறங்க ஆரம்பித்ததும் பனி. அரவேணு தாண்டி முதல் பெரிய வளைவில் மூன்றிலிருந்து இரண்டுக்குப் போட்டேன். டொக் என்றேன். கால் எழவில்லை. இன்னொரு முறை சொன்னேன். வண்டி என் கையை விட்டுப் போவது தெரிந்தது. பிரேக்கை மிதித்தால் ரப்பர் கருகுகிற வாசம் வருகிறது, பின்பக்கம் வழுக்குகிறது. வெள்ளைத் தடுப்புக் கற்கள் ஒவ்வொன்றாகப் பனிக்குள்ளிருந்து எழுந்து வந்தன. கோகிலா கதவைப் பிடித்துக்கொண்டு அப்பா என்றாள். அவ்வளவு மெல்லிய குரலில் அவள் என்னை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. கொன்றுவிட்டேன், என் பிள்ளையையும் இதே மலையில் கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

டொக்.

கால் எழுந்தது. இன்ஜின் பிடித்துக்கொண்டு உறுமியது. வளைவை முடித்தோம்.

அதற்குப் பிறகு ஒன்றுகூடத் தப்பவில்லை. மூன்றாவது, டொக். இரண்டாவது, டொக். எனக்குப் புரிந்துவிட்டது. கோகிலா மனசு கேட்காமல் மோதிரத்தை எடுத்து வந்திருக்கிறாள், ஒப்பந்தத்தை மீறித் தட்டுகிறாள். முதலில் ரோஷம் வந்தது. பிறகு, தட்டட்டும், உயிரோடு போய்ச் சேர்ந்தால் போதும், காரைக் கொச்சிக்காரரே வைத்துக்கொள்ளட்டும் என்று தோன்றியது. அலுமினியக் குமிழில் எப்படி இந்தச் சத்தம் வருகிறது என்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் கால் நின்றிருக்கும்.

குஞ்சப்பனை போனது. பனி விலகி, கீழே பாக்குத் தோப்புகள் தெரிந்தன. அடிவாரத்தில் அதே டீக்கடை. நான் நினைத்து நிறுத்தவில்லை, வண்டி அங்கே நின்றது. இன்ஜினை அணைத்தேன்.

"டீ குடிக்கலாமா கண்ணு?" என்றேன்.

பதில் இல்லை.

"கோகிலா."

பதில் இல்லை. நான் கண்ணாடிக்கு முன்னால் டீக்கடைக்காரர் பாலை ஆற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து கீழே, கீழேயிருந்து மேலே. கழுத்தைத் திருப்ப என்னால் முடியவில்லை. திருப்பாதவரை அவள் அங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று தோன்றியது. போன முறையும் திருப்பாமலே மேட்டுப்பாளையம், கோவை என்று ஓட்டிக்கொண்டே போயிருக்க வேண்டும். ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் விட மாட்டேன் என்றன.

பக்கத்தில் ஒரு பெருமூச்சு. தூங்கி எழுகிற குழந்தையின் மூச்சு.

திரும்பினேன். அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் மடிப்பு விழுந்த தடம். இரண்டு கைகளும் சால்வைக்குள் இருந்தன. நான் சால்வையை விலக்கி அவள் விரல்களைப் பார்த்தேன். மோதிரம் இல்லை.

எப்போதிலிருந்து தூங்குகிறாய் என்று கேட்டேன். அந்த வளைவு முடிந்ததுமே என்றாள். அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"அவ்வளவு பயந்துட்டு எப்படித் தூங்குனேன்னே தெரியலீங்ப்பா. அம்மா மடில உக்காந்துட்டு வந்தாப்பல இருந்துச்சு. இடுப்பச் சுத்திக் கை போட்டு இறுக்கிப் புடிச்சுட்டாப்பல."

"சீட் பெல்ட்டா இருக்கும் சாமி."

அந்தக் காரில் சீட் பெல்ட் கிடையாது. எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியும். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு தான் உட்கார்ந்திருந்த இருக்கையைப் பார்த்தாள், பிறகு மெதுவாகக் கதவைத் திறந்து கீழே இறங்கி நின்றாள். டீ வாங்கிக்கொண்டு வந்தேன். அன்று நடந்ததை, டாக்டரம்மா சொன்னதை, நான் சொன்ன பொய்யை, கூரியர்காரரிடம் சொன்னதைக்கூட விடாமல், சாலையோரத்தில் நின்று அவளிடம் சொன்னேன். டீ ஆறிப்போனது. அவள் அழவில்லை. அம்மாவுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது, அதனால்தான் அந்த ராடு என்றாள். பொங்கலுக்கு வாங்கிய புடவையைக் கட்டாமலே வைத்திருந்தாளாம், ஏன் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும் என்றாள்.

கிளம்பும்போது அவள் ஏறவில்லை. பின்னால் வந்த சங்கத்தார் ஒருவரின் காரில் ஏறிக்கொண்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜனவரி 6, திங்கள்

கொச்சிக்காரருக்குக் கோகிலாவே போன் செய்து கார் விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டாள். பீரோ சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு, பக்கத்தில் மோதிரத்தையும் வைத்துவிட்டு ரயிலேறினாள். கொலுசு மணியை அவளிடம் கொடுத்தேன். எங்கே கிடைத்தது என்று கேட்கவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

மோதிரம் என் இடது சுண்டுவிரலில்தான் நுழைகிறது. கோகிலாவின் யோசனை இது. கியரைப் போட்டுவிட்டு அதே கையால் நீங்களே தட்டிக்கொள்ளுங்கள், அம்மாவைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று போனில் சொன்னாள். நல்ல யோசனைதான். தமயந்தியும் எத்தனை நாளைக்கு வருவாள்.

மருதமலை சாலையில் ஆளில்லை. வெயில் நன்றாக அடித்தது. கிளட்சை மிதித்து, மணிக்கட்டை அசைத்து, மூன்றாவது கியரைப் போட்டேன். சுண்டுவிரலால் குமிழில் ஒரு தட்டுத் தட்டினேன்.

டிங் என்றது. கால் எழவில்லை.

காத்திருந்தேன்.

டொக் என்றது. எழுந்தது.